இருபத்துநாலு பிக்சல் நெற்றி

பகலில் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தூங்க முடியாது. இது புகார் இல்லை, தகவல். காலை ஏழரைக்குக் கம்பெனி பஸ் என்னை ஸ்ரீபெரும்புதூரிலிருந்து கொண்டுவந்து மூங்கில் மண்டபத்தில் இறக்கிவிடும். இரவெல்லாம் செல்போன் பாகங்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்த கண்ணோடு வீட்டுக்குப் போய்ப் படுப்பேன். எட்டு மணிக்குப் பக்கத்து வீட்டில் தறி ஆரம்பிக்கும். எட்டேகாலுக்கு எதிர்வீட்டில். எட்டரைக்குத் தெருவே தட்டும். நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. அவர்கள் எல்லோரும் எதையோ முடித்துக்கொண்டிருந்தார்கள். நான் இன்ஜினியரிங்கை மூன்றாம் வருஷத்தில் விட்டவன்.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: பகல் வேலை. இரவில் தறிகள் ஓடாது. இரவில் தூங்குகிறவர்களைப் பார்த்தாலே எனக்குப் பொறாமையாக இருந்தது.

தூக்கம் வராத பகல்களில் ஒரு கேம் செய்தேன். செய்தேன் என்பது கொஞ்சம் அதிகம். மூன்று பேர் சேர்ந்து எழுதி இன்டர்நெட்டில் இலவசமாக விட்ட கேம் அது. ஒருவர் போலந்து, ஒருவர் பிரேசில், மூன்றாமவர் எந்த ஊர் என்று சொல்லவில்லை. அதில் ஒரு நத்தை காளான் தின்றுகொண்டே தோட்டத்தைக் கடக்கும். நான் நத்தையை எடுத்துவிட்டு, நெற்றியில் நாமம் போட்ட யானையை வைத்தேன். காளானுக்குப் பதில் வாழைப்பழம், தோட்டத்துக்குப் பதில் சன்னதித் தெரு, தவளைகளுக்குப் பதில் ஷேர் ஆட்டோ. பெருமாள் புறப்பாட்டுக்கு முன்னால் போகும் யானை, எதிலும் இடிக்காமல் மண்டபம் போய்ச் சேர வேண்டும். நத்தையின் வேகத்தை மட்டும் நான் மாற்றவில்லை. உற்சவ யானைக்கு அது சரியாகவே இருந்தது. அடிபட்டால் நத்தை ஓட்டுக்குள் போய்விடும். என் யானை நடுத்தெருவில் உட்கார்ந்துவிடும்.

அந்த மூன்று பேரும் ஒரு நிபந்தனைதான் வைத்திருந்தார்கள். விளையாடு, பிரித்துப் பார், மாற்று, யாருக்கு வேண்டுமானாலும் கொடு. கொடுக்கும்போது மூல நிரலையும் சேர்த்துக் கொடு. முன்னால் எழுதியவன் பெயரை அழிக்காதே. அவ்வளவுதான்.

எனக்கு இது முக்கியம். காலேஜில் நான் எழுதிய ஒரு நிரலைச் சீனியர் ஒருவன் வாங்கிப்போய், என் பெயரை அழித்து, பிராஜெக்ட் விற்கும் கடைக்குக் கொடுத்துவிட்டான். அடுத்த செமஸ்டரில் அதை நான் காட்டியபோது, கடையில் வாங்கியது என்று எக்ஸாமினர் என்னைப் பிடித்தார். என் நிரலை நானே காப்பியடித்த குற்றத்துக்காகத் தோற்றேன். நான் படிப்பை விட்டதற்கு அதுதான் காரணம் என்று சொல்லிக்கொள்ளலாம். மற்ற பத்து அரியர்களுக்கு அது காரணம் இல்லை.

என்னோடு படித்த லக்ஷணா படிப்பை முடித்தாள். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர் ஆனாள். ஜனவரியில் ஒரு நாள் போன் செய்தாள்.

"ராஜவேலு, லேப்ல இருபது சிஸ்டம் இருக்கு. ஒண்ணும் ஓடலை. ஆண்டுவிழாக்குள்ள ஓடணும். வந்து பாரேன்டா."

போய்ப் பார்த்தேன். நாலு கம்ப்யூட்டரில் ராம் கார்டை எடுத்து, பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்துச் செருகியதும் உயிர் வந்தது. ஏழில் மௌசுக்குள் இருக்கும் உருண்டை இல்லை. பையன்கள் எடுத்துப்போய் கோலி ஆடிக்கொண்டிருந்தார்கள். இருபதிலும் திருட்டு விண்டோஸ், அதன் மேல் வைரஸ். எல்லாவற்றையும் துடைத்துவிட்டு லினக்ஸ் போட்டேன். ஒரு வாரம் ஆயிற்று. ஓடுகிறதா என்று பார்க்க, என் யானையையும் போட்டேன்.

கரஸ்பாண்டன்ட் சக்ரவர்த்திக்கு அந்தக் கேமைத் தன் அறையிலேயே பார்க்க வேண்டும் என்று ஆசை. அவர் மேஜையில் மட்டும் புது மானிட்டர். அங்கேயும் போட்டுக் கொடுத்தேன். யானை சன்னதித் தெருவில் நடந்ததும் அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அடேயப்பா! நம்ம தெருடா! நாமத்தைப் பாத்தியோ லக்ஷணா? பாதம் கீதம் இல்லாம, நன்னா வளைவா சாத்தியிருக்கான்."

ஆண்டுவிழாவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இதை சிடியில் கொடுப்பது என்று அங்கேயே முடிவு செய்தார். என்னைப் பார்த்து, "விழா முடிஞ்சதும் நீ இங்கேயே வந்துடு. லேப் இன்சார்ஜ். ஒன்பதுலேர்ந்து நாலு" என்றார்.

ஒன்பதிலிருந்து நாலு. அன்று பஸ்ஸில் அதையே சொல்லிக்கொண்டு போனேன்.

மறுநாள் லேபில் ஹெட்மாஸ்டர் வாசுதேவன் என் முதுகில் தட்டினார். "திருமண் காப்பு ரொம்ப அழகுடா. பாதத்தோட, லட்சணமா இருக்கு. கரஸ்பாண்டன்ட் எப்படி இதுக்கு ஒத்துண்டார்னுதான் ஆச்சரியமா இருக்கு."

அப்போது நான் தூங்கி இருபத்தாறு மணி நேரம் ஆகியிருந்தது. இருவர் சொன்னதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் நிலையில் இல்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நாமத்தில் இரண்டு வகை. வடகலை நாமம் அடியில் வளைந்து முடிந்துவிடும். தென்கலை நாமத்துக்கு அந்த வளைவுக்குக் கீழே, மூக்கின் மேல் இறங்கும் பாதம் உண்டு. வித்தியாசம் ஒரு சின்னக் கோடு. அந்தக் கோடு யானையின் நெற்றியில் வருமா வராதா என்று கோர்ட் வரை போன ஊர் இது. எனக்கு இரண்டும் ஒன்றுதான். என் யானையின் நெற்றி மொத்தமே இருபத்துநாலு பிக்சல் அகலம். பாதம் போட இடம் இல்லாததால் வளைவோடு நிறுத்தியிருந்தேன். அதற்கு மேல் எனக்குக் கொள்கை எதுவும் கிடையாது.

புதன்கிழமை காலை இருவரும் ஒரே நேரத்தில் லேபுக்கு வந்தார்கள்.

"என்னடா இது?" என்றார் சக்ரவர்த்தி. "பாதம் எங்கேருந்து முளைச்சுது?"

"மொதல்லேர்ந்தே இருக்கு," என்றார் ஹெட்மாஸ்டர்.

"என் ரூம்ல இல்லையே!"

"இல்லேன்னா அது உங்க ரூமோட தோஷம்."

எல்லோரும் ஊர்வலமாக மாடியேறி கரஸ்பாண்டன்ட் அறைக்குப் போனோம். அங்கே யானையின் நெற்றியில் பாதம் இல்லை. ஹெட்மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "அழிச்சுட்டேளா?" என்றார். அதே கோப்பைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு கீழே வந்து லேபில் போட்டேன். பாதம் முளைத்தது.

"பாத்தேளா, வழியில யாரோ போட்டுட்டா," என்றார் சக்ரவர்த்தி.

"வழியில மாடிப்படிதான் சார் இருக்குது," என்றேன்.

என்ன கோளாறு என்று கண்டுபிடிக்க எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. யானையின் துதிக்கை உருண்டையாகத் தெரிய, அதன் மேல் வெளிச்சம் பட்டது போல ஒரு வெள்ளைக் கீற்று போட்டிருந்தேன். நாமத்தின் வளைவுக்கும் அந்தக் கீற்றுக்கும் நடுவில் ஒரே ஒரு வரிசை சாம்பல் பிக்சல். கரஸ்பாண்டன்ட்டின் புது மானிட்டரில் படம் முழு அளவில் வரும். லேபின் பழைய மானிட்டர்களில் படம் சுருங்கும். சுருங்கும்போது சில வரிசைகள் உதிர்ந்துபோகும். உதிர்ந்ததில் அந்தச் சாம்பல் வரிசையும் ஒன்று. வளைவும் வெளிச்சமும் ஒட்டிக்கொண்டன. பாதம் ஆகிவிட்டது.

இதை அவர்களுக்குச் சொன்னேன்.

"அப்போ அது பாதமே இல்லை. வெறும் வெளிச்சம்," என்று சக்ரவர்த்தி கையைத் தட்டினார்.

ஹெட்மாஸ்டர் அசையவில்லை. "யாரும் போடலை. தானா வந்திருக்கு. இதுக்கு ஸ்வயம்வ்யக்தம்னு பேரு. மனுஷா போட்டதைவிட ஒசத்தி."

"மானிட்டர் கோளாறு ஓய்!"

"பத்தொன்பது மானிட்டர்லயா? உம்ம ஒண்ணுலதான் வரலை. எது கோளாறு?"

லேபில் இருபது கம்ப்யூட்டர் என்று முன்பே சொன்னேன். ஒன்றின் மானிட்டர் மட்டும் இன்னும் ஓடவில்லை. அந்த விவாதத்தில் ஹெட்மாஸ்டர் அதைக்கூடச் சரியாகக் கணக்கில் வைத்திருந்தார்.

மத்தியானம் சக்ரவர்த்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"இத பாரு ராஜவேலு. எல்லாத்துலயும் பாதத்தை எடுத்துடு. அப்பறம் அந்த சிடியில ஏதோ நிரல்னு வெக்கறியாமே? லக்ஷணா சொன்னா. அது வேண்டாம். அதை வெச்சா நாளைக்கே வாசுதேவன் ஆளைப் பிடிச்சு மாத்திப்பிடுவார்."

"நிரல் குடுத்துதான் சார் ஆவணும்."

"ஏன்? நீ பண்ணின கேம்தானே?"

"நான் பண்ணல சார். மூணு பேரு நத்தை பண்ணாங்க. நான் அதை ஆனை ஆக்கினேன். நிரலோட குடுன்னு சொல்லித்தான் குடுத்துக்கிறாங்க."

"அவா காஞ்சிபுரத்துக்கு வந்து பாக்கப் போறாளா?"

"மாட்டாங்க சார்."

"அப்பறம் என்ன?"

அவர் சொன்னது சரி. யாரும் வந்து பார்க்கப்போவதில்லை. என் சீனியரையும் யாரும் வந்து பார்க்கவில்லை.

"முடியாது சார்," என்றேன்.

"அப்போ நீ உன் நைட் ஷிஃப்டையே பாத்துக்கோ."

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா சோற்றை வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்த ஊர்க்காரனோ நத்தை பண்ணான்னு நீ வேலையை வுட்டுட்டு வந்துக்கிறியா?"

"ஆமா."

"அந்த நத்தைக்காரன்கிட்டயே போய் வேலை கேளு, போ."

பிறகு படுத்தேன். தறிகள் தட்டிக்கொண்டிருந்தன.

வியாழக்கிழமை லக்ஷணா போன் செய்தாள். சிடிக்கு அட்டை அச்சாகி வந்துவிட்டது, விழாவை மாற்ற முடியாது, நான் உடனே வர வேண்டும். அட்டையில், நெற்றி தெரியாதபடி, யானையின் பின்பக்கத்தை அச்சடித்திருந்தாள். அந்த முன்யோசனை அவளுக்குப் பிறவியிலேயே உண்டு. அவள் அம்மா வீடு வடகலை, அப்பா வீடு தென்கலை. பேச்சு வந்த நாளிலிருந்து சமாதானம் பேசுகிறவள்.

இருவரையும் லேபில் எதிரெதிரே உட்காரவைத்துவிட்டு அவள் ஆரம்பித்தாள். "கேம் தொடங்கும்போது எந்த நாமம் வேணும்னு கேக்கட்டும். அவாவா இஷ்டத்துக்குத் தேர்ந்தெடுத்துக்கலாம்."

"நல்ல யோசனை," என்றார் ஹெட்மாஸ்டர். "மொதல்ல எது வரும்?"

"எது மொதல்ல வந்தா என்ன சார்?" என்றேன். இருவரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

"சரி," என்றாள் லக்ஷணா, "தேர்ந்தெடுக்கற வரைக்கும் நெத்தி காலியா இருக்கட்டும்."

"நெத்தி காலியாவா?" என்று இருவரும் ஒரே குரலில் எழுந்து நின்றார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தில் அவர்கள் ஒன்றாகப் பேசியது அதுதான் முதல் தடவை என்று பியூன் பிறகு சொன்னார்.

அப்போதுதான் எனக்கு அது தோன்றியது. "சீட்டுக் குலுக்கிப் போடலாம் சார். ஒவ்வொரு தடவை கேம் தொறக்கும்போதும் கம்ப்யூட்டரே ஒண்ணு எடுக்கட்டும். எது வருதோ அது."

இரண்டு பேரும் யோசித்தார்கள்.

"பெருமாள் சித்தம்னு எடுத்துக்கலாம்," என்றார் சக்ரவர்த்தி மெதுவாக.

"எடுத்துக்கலாம்," என்றார் ஹெட்மாஸ்டர். உடனே என் பக்கம் திரும்பினார். "ஆனா நீ அவருக்குச் சாதகமா குலுக்கலைன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"இல்லே, இவருக்குச் சாதகமா இல்லேன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் சக்ரவர்த்தி.

"நிரலைப் படிச்சுப் பாருங்க சார்," என்றேன்.

சொல்லிவிட்டு சக்ரவர்த்தியைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

ஆளுக்கொரு பிரதி கேட்டார்கள். ஆபீஸின் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் நாற்பது பக்கம் கிர்ர் கிர்ரென்று வந்தது. இருவரும் பேனாவோடு உட்கார்ந்து வரிவரியாகப் படித்தார்கள். முப்பத்திரண்டாம் பக்கத்தில் ஹெட்மாஸ்டர் நிறுத்தினார்.

"இந்த ராண்ட்ங்கறது யாரு?"

"அது ஃபங்ஷன் சார். அதுதான் சீட்டு எடுக்கும்."

"எந்தப் பக்கம்?"

"எந்தப் பக்கமும் இல்ல சார்."

"இந்த ஊர்ல அப்படி ஒருத்தர் இருக்க முடியாதுப்பா."

சோதித்துக் காட்டினேன். நூறு தடவை குலுக்கியதில் ஐம்பத்துமூன்று வடகலை. ஹெட்மாஸ்டர் போதாது என்றார். ஆயிரம் தடவை குலுக்கினேன். ஐந்நூற்றுமூன்று தென்கலை. சக்ரவர்த்தி, "இன்னொரு தரம்" என்றார். லக்ஷணா மெயின் ஸ்விட்சில் கையை வைத்தாள்.

கடைசியில் நிரலை சிடியில் வைத்தே ஆக வேண்டும் என்று இருவரும் பிடிவாதமாகச் சொன்னார்கள். அடுத்தவர் நாளைக்கு ஏதாவது செய்தால் கண்டுபிடிக்க வேண்டுமே. போலந்துக்காரர், பிரேசில்காரர், ஊர் சொல்லாதவர் மூவருடைய பெயரும் சிடியில் இருந்தது. அதன் கீழே என் பெயர். சாம்பல் வரிசை உதிராமல், பழைய மானிட்டருக்கென்று தனிப் படங்களும் வரைந்து வைத்தேன்.

ஆண்டுவிழா நன்றாக நடந்தது. யானை மேடையில் பெரிய திரையில் வந்தபோது வடகலை விழுந்தது. சக்ரவர்த்தி கையைக் கூப்பினார். கரென்ட் போய்த் திரும்பி வந்து மறுபடி திறந்தபோது தென்கலை விழுந்தது. ஹெட்மாஸ்டர் கரென்ட் ஆபீசையே புகழ்ந்தார். வேலையைப் பற்றி யாரும் பேசவில்லை. எனக்குப் பட்டம் இல்லை என்பது சக்ரவர்த்திக்குத் திடீரென்று ஞாபகம் வந்திருந்தது. இரவு ஒன்பதரைக்கு நான் பஸ் ஏறினேன்.

பத்து நாள் கழித்து, காலை எட்டரைக்கு, தறிகளின் சத்தத்தோடு வேறு ஒரு சத்தமும் கேட்டது. கதவுக்கு வெளியே யாரோ ஹாரன் அடித்தார்கள். திறந்தேன். வாசலில் ஒரே ஸ்கூட்டரில் சக்ரவர்த்தி முன்னாலும் ஹெட்மாஸ்டர் பின்னாலும் உட்கார்ந்திருந்தார்கள்.

"உடனே கெளம்புடா," என்றார் சக்ரவர்த்தி.

"என்ன சார் ஆச்சு?"

"வந்து பாரு," என்றார் ஹெட்மாஸ்டர்.

போய்ப் பார்த்தேன். பிள்ளைகள் நிரலைத் திறந்திருக்கிறார்கள். படங்கள் எந்த ஃபோல்டரில் இருக்கின்றன என்று அதிலேயே எழுதியிருக்கிறதே. முதல் கம்ப்யூட்டரில் யானைக்குக் கூலிங் கிளாஸ். இரண்டாவதில் கிரிக்கெட் தொப்பி. ஐந்தாவதில் நெற்றி காலி. அது திருப்புட்குழிப் பக்கம் நிலம் வைத்திருக்கும் ஜெயின் குடும்பத்துப் பையன் ரிஷப்பின் வேலை. கேட்டதற்கு, "எங்க வூட்ல நெத்தியில ஒண்ணும் வெக்க மாட்டோம் சார்" என்றிருக்கிறான். ஒன்பதாவதில் யானைக்குப் பதில் ஹெட்மாஸ்டர் நடந்தார். அதெல்லாம்கூட அவர்கள் பொறுத்துக்கொண்டிருப்பார்கள். பன்னிரண்டாவது கம்ப்யூட்டரில், பெரிய காஞ்சிபுரத்திலிருந்து வரும் யாழினி என்ற ஒன்பதாம் வகுப்புப் பெண், யானைக்கு நெற்றி நிறைய விபூதிப் பட்டை போட்டிருந்தாள். மூன்று கோடு. அளவெடுத்தது போல நேராக.

"இதுக்கு நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கோம்," என்றார் சக்ரவர்த்தி.

"நேத்தி சரி பண்ணச் சொன்னோம். லக்ஷணா பண்ணினா. இன்னிக்குக் காத்தால மறுபடி," என்றார் ஹெட்மாஸ்டர். "ஃபோல்டரைப் பூட்ட முடியாதா?"

"பூட்டலாம் சார். ஒரு நிமிஷம் ஆவும்," என்றேன். "சாவி யாருகிட்ட இருக்கணும்?"

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வேண்டாம்," என்றார்கள் இருவரும்.

அப்படித்தான் எனக்கு வேலை கிடைத்தது. தினமும் காலை பிரேயருக்கு முன்னால் இருபது யானைகளுக்கும் நாமம் சாத்த வேண்டும். பிறகு நாலு மணி வரை லேபைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆர்டரில் 'சிஸ்டம் பராமரிப்பு' என்று எழுதியிருந்தது. பட்டத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் கையால் சரிசெய்ய எவ்வளவு நேரம் ஆகும் என்று சக்ரவர்த்தி கேட்டார். கையால் செய்தால் ஒரு மணி நேரம் ஆகும் என்றேன். அது உண்மை.

கையால் செய்யவில்லை என்பதும் உண்மை. நாலு வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். அது ஒன்பது விநாடியில் இருபது நெற்றிகளையும் துடைத்துப் பழைய படங்களை வைத்துவிடும். மறைக்கவில்லை. நிரல் அதே ஃபோல்டரில், என் பெயரோடு, யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம் என்ற குறிப்போடு இருந்தது. கரஸ்பாண்டன்ட் திறக்கவில்லை. ஹெட்மாஸ்டர் திறக்கவில்லை. எட்டரைக்கு லேப் கதவைச் சாத்திக்கொள்வேன். ஒன்பது விநாடி போக மீதி நேரம் நாற்காலியில் தூங்குவேன். இரவிலும் தூங்கினேன். பழைய பாக்கி நிறைய இருந்தது.

மார்ச் மாதம் ஒரு காலை ஸ்கிரிப்ட் ஆறு விநாடியில் முடிந்துவிட்டது. பழுது என்று நினைத்துத் திறந்து பார்த்தேன். யாரோ ஒரு வரியை எடுத்துவிட்டு இரண்டு வரி சேர்த்திருந்தார்கள். என்னுடையதைவிட நன்றாக இருந்தது. மேலே என் பெயர் அப்படியே இருந்தது. அதன் கீழே: யாழினி, ஒன்பதாம் வகுப்பு, 'பி' பிரிவு.

அன்று பன்னிரண்டாவது கம்ப்யூட்டரின் பட்டையை மட்டும் பிரேயர் முடிகிற வரை விட்டுவைத்தேன்.